ராகியை அவசரத்தில் விற்காதீங்க: விற்பனைக்கூடத்தில் பொருளீட்டுக் கடன் இருக்கு

கார்த்திகை, மார்கழியில் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் வந்தால் பாதி ரோடு ராகிக் கதிராகத்தான் கிடக்கும். வண்டி ஏறி ஏறித் தாள் வேறு தவசம் வேறாகப் பிரியட்டும் என்று பரப்பி விடுவார்கள், சாயங்காலம் கூட்டி அள்ளும்போது ராகியோடு பொடிக்கல்லும் மணலும் சேர்ந்தே வரும். தூற்றி மூட்டை கட்டின மறுநாளே வியாபாரி வண்டி வந்து நிற்கும். ஒரு கை அள்ளிப் பார்த்து "ஈரமா இருக்கு" என்பார், மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழிப்பார், அவர் சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்டு போவார். கொடுக்காமலும் இருக்க முடியாது, ஏனென்றால் அறுப்புக் கூலி பாக்கி, உரக்கடை பாக்கி, பொங்கல் செலவு எல்லாம் ஒரே வாரத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

அறுவடைக்குப் பிந்தைய இழப்பு என்றால் எலி தின்றது, வண்டு தின்றது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதுவும் இழப்புதான். தேசிய வேளாண் வங்கியான நாபார்டின் துணை நிறுவனம் நாப்கான்ஸ் 2022-ல் முடித்த நாடு தழுவிய ஆய்வு, தானியங்களில் 3.89 முதல் 5.92 சதவீதம் வரை அறுவடையிலிருந்து சேமிப்பு வரைக்கும் வீணாகிறது என்கிறது. இருபது மூட்டைக்கு ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ராகி விஷயம் கொஞ்சம் வேறு. நன்றாகக் காய்ந்த ராகி பல வருஷம் கெடாது, மணி அவ்வளவு சின்னதாக இருப்பதால் நெல்லை, சோளத்தைப் போலச் சுலபமாக வண்டு பிடிக்காது. முன்னே நிலத்தில் குழி வெட்டிக் கொட்டி மூடிவைத்து, பஞ்ச வருஷத்தில் எடுத்துத் தின்றவர்கள் நம் ஊர்க்காரர்கள். அதனால் ராகியில் நாம் தோற்பது சேமிப்பில் இல்லை. அறுத்த நாளிலிருந்து காயும் வரைக்குமான அந்தப் பத்துப் பதினைந்து நாளில் தோற்கிறோம், அப்புறம் கையில் காசு இல்லாததால் தோற்கிறோம்.

இந்த இரண்டாவது தோல்விக்கு ஒரு வழி ரொம்ப நாளாகவே இருக்கிறது, கேட்டுப் போகிறவர்கள்தான் குறைவு. அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் பொருளீட்டுக் கடன், அதாவது விளைச்சலையே ஈடாக வைத்து வாங்கும் கடன் கொடுக்கிறார்கள். தருமபுரி, பென்னாகரம், அரூர், கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி ஆகிய ஊர்களில் இருக்கும் விற்பனைக்கூடங்களில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பதில் கேளுங்கள். தவசத்தை அங்கே கிடங்கில் இருப்பு வைத்தால் அன்றைய மதிப்பில் 75 சதவீதம் வரை கடன், வருஷத்துக்கு 5 சதவீத வட்டி, 180 நாள் தவணை. விலை வரும்போது அங்கேயே ஏலத்தில் விற்றுக் கடனையும் வட்டியையும் கட்டிவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு அதிகபட்சம் எவ்வளவு என்ற உச்சவரம்பு உண்டு, அதை மட்டும் மூட்டை ஏற்றுவதற்கு முன்னால் கண்காணிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்களிடம் 20 குவிண்டால் ராகி, அன்றைய விலை குவிண்டாலுக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மதிப்பு 80,000. அதில் 75 சதவீதம் 60,000 ரூபாய் கையில் வந்துவிடும், கூலியும் கடை பாக்கியும் தீரும். மூன்று மாதம் கழித்து விற்றால் வட்டி 750 ரூபாய், முழு ஆறு மாதம் வைத்தாலும் 1,500. குவிண்டாலுக்கு நூறு ரூபாய் ஏறினாலே 2,000 ரூபாய் வந்துவிடுகிறது. இதில் வண்டி வாடகை, கிடங்கு வாடகை, ஏற்று இறக்குக் கூலி மூன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், விலை ஏறாமலே போகிற வருஷமும் உண்டு, அப்போதும் கடன் கடன்தான். அதனால் இரண்டு மூட்டைக்காக வண்டி பிடித்துப் போவதில் லாபம் இல்லை, அக்கம்பக்கத்து நாலு வீடு சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றினால் கட்டுப்படியாகும்.

விற்பனைக்கூடத்தில் விவசாயியிடம் தரகு, கமிஷன் எதுவும் பிடிக்கக் கூடாது. 1 சதவீத சந்தைக் கட்டணமும் வாங்குகிற வியாபாரி தலையில்தான். இதைத் தெரிந்துகொண்டே போங்கள்.

சரி, இப்போது முக்கியமான இடம், ஈரப்பதம். ராகிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் தர அளவில் ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நெல்லுக்கு 17 என்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது ரொம்பக் கறாராகத் தெரியும். ரேஷன் கடைக்காக அரசு ராகி கொள்முதல் செய்யும்போதும் இந்த அளவில்தான் பார்க்கிறார்கள். 2023 முதல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் கார்டுக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தருகிறார்களே, அந்த ராகிதான். 2025-26 பருவத்துக்கு ராகியின் ஆதார விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். வெளியில் விலை இதற்குக் கீழே இருக்கும்போது கொள்முதல் மையம் திறந்திருந்தால் கடனுக்கே போக வேண்டாம், நேராக அங்கே கொடுத்துவிடலாம். ஆனால் ஈரம் 12-க்குள் இருக்க வேண்டும், கல்லும் மண்ணும் இருக்கக் கூடாது. ரோட்டில் அடித்த ராகி திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

காயவைத்தால் எடை குறைகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் இதைப் பாருங்கள். 16 சதவீத ஈரத்தில் இருக்கும் 100 கிலோவை 12-க்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 95 கிலோ 450 கிராம் நிற்கும். போனது நாலரை கிலோ தண்ணீர், தவசம் ஒரு மணி கூடப் போகவில்லை. ஈரத்தைக் காட்டி வியாபாரி கழிப்பது இதற்கு மேலே இருந்தால் அதுதான் உங்கள் நஷ்டம்.

வீட்டிலேயே ஓரளவு பார்க்க உப்பு பாட்டில் போதும். நன்றாக உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு பிடி ராகியும் ஒரு ஸ்பூன் உலர்ந்த தூள் உப்பும் போட்டு மூடிக் குலுக்கி, கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டினால் ஈரம் 15-க்கு மேலே என்று அர்த்தம். ஒட்டவில்லை என்பதால் 12 வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்னும் இரண்டு வெயில் காட்டுங்கள், அப்புறம் அரைக் கிலோ சாம்பிளை டப்பாவில் போட்டு விற்பனைக்கூடத்துக்கே கொண்டுபோய் ஈரப்பதமானியில் பார்த்துவிட்டு வந்து வண்டி பேசுங்கள். மார்கழிப் பனி பொல்லாதது, பகலெல்லாம் காய்ந்ததை ஒரே ராத்திரியில் பதமாக்கிவிடும், நாலு மணிக்கே கூட்டிக் குவித்து மூட வேண்டும்.

மூடினால் மட்டும் போதாது என்பதை 2024 டிசம்பரில் கற்றுக்கொண்டோம். ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டிய சமயம், எங்கள் மாமா வீட்டில் அரைகுறையாகக் காய்ந்த ராகியைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள் உள்ளே கையை விட்டால் வெந்நீரில் விட்ட மாதிரி சூடு, தார்ப்பாயின் அடியில் முத்து முத்தாக வேர்வை, ஒரு புளித்த வாடை. நடுக்குவியல் முழுக்கக் கறுத்துவிட்டது, மாட்டுக்குப் போடவும் அத்தை சம்மதிக்கவில்லை. மழை விட்ட நேரம் பார்த்துத் திறந்து, கிளறி, கொட்டகைக்குள் மெல்லிசாகப் பரப்பியிருந்தால் பாதியாவது தேறியிருக்கும். தார்ப்பாய்க்கும் மானியம் உண்டு, வேளாண் விரிவாக்க மையத்தில் ஒதுக்கீடு வந்திருக்கிறதா என்று ஐப்பசியிலேயே கேட்டுவைப்பது நல்லது.

விற்பனைக்கூடத்தில் வாங்குகிற மாதிரியே, தவசத்தை இருப்பு வைத்து வங்கி வழியாகவும் கடன் வாங்கலாம். மத்திய அரசின் கிடங்கு மேம்பாட்டு ஆணையத்தில் பதிவான கிடங்கில் வைத்தால் மின்னணுக் கிடங்கு ரசீது தருவார்கள். கிசான் கிரெடிட் கார்டு வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிக்கு அந்த ரசீதின் பேரில் அறுவடைக்குப் பிறகு ஆறு மாதம் வரை பயிர்க்கடன் மாதிரியே வட்டிச் சலுகை உண்டு. கிடங்கே கட்ட நினைக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ கூட்டுறவு சங்கமோ, 2020-ல் வந்த வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 7 வருஷம் 3 சதவீத வட்டிச் சலுகை பற்றி வங்கியில் விசாரிக்கலாம்.

விற்பனைக்கூடத்துக்குப் போகும்போது ஆதார், வங்கி பாஸ்புக், நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா, என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் நாலும் கையில் இருக்கட்டும். சிட்டா இன்னும் அப்பா, தாத்தா பெயரில் இருக்கிற வீடுகள்தான் நம் பக்கம் அதிகம், குத்தகைக்கு உழுகிறவர்களும் நிறைய. இந்தப் பருவம் ராகி போட்டது நீங்கள்தான் என்று அடங்கலில் ஏறியிருக்கிறதா என அறுப்புக்கு முன்னாலேயே வி.ஏ.ஓ.விடம் பார்த்துவிடுங்கள், மூட்டையோடு போய் நின்று திரும்பி வருவது ரொம்பக் கொடுமை. இருப்பு வைத்ததும் தருகிற ரசீதில் மூட்டை எண்ணிக்கை, எடை, ஈரப்பதம், தேதி நாலும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள், 180-ஆவது நாள் எது என்று எண்ணி வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.