பாதியில் கரண்ட் போனால் செட்டப் என்ன செய்ய வேண்டும்?

ஒரு சம்பா அறுவடையின்போது, மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் எடைமேடை ரசீது போடும் எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றிக்கொண்டிருந்தோம். பாதியில் கரண்ட் போனது, யூபிஎஸ் பேட்டரியும் கைகொடுக்கவில்லை. கரண்ட் வந்து பார்த்தால் மென்பொருள் புதுசு, அது கூப்பிடும் டிஎல்எல் என்ற துணை நிரல் கோப்புகளில் பாதி பழசு, திறக்கவே இல்லை. வாசலில் நெல் லாரிகள் நிற்க, கணக்குப்பிள்ளை விடிய விடிய ரசீதைக் கையால் எழுதினார். இதில் கரண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. புதிய கோப்பைப் பழையதன் மேலேயே ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போகும் ஸ்கிரிப்டைத்தான் நாங்கள் இன்ஸ்டாலர், அதாவது மென்பொருளைக் கணினியில் ஏற்றும் செட்டப், என்று கொடுத்திருந்தோம்.

கோப்பை நகலெடுப்பது இன்ஸ்டாலரின் சுலபமான வேலை. எந்த நொடியில் தடைபட்டாலும் கணினியைப் பழைய நிலைக்கே திருப்பிக் கொண்டுவருவதுதான் கஷ்டம்.

விண்டோஸில் இதற்கென்று ஒரு எஞ்சின் இருக்கிறது, பெயர் விண்டோஸ் இன்ஸ்டாலர், 1999இல் ஆபீஸ் 2000 உடன் வந்தது. அந்த எஞ்சினுக்கு நாம் கொடுக்கும் எம்எஸ்ஐ கோப்பு உண்மையில் ஒரு சின்ன டேட்டாபேஸ். எந்தக் கோப்பு எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் என்ன எழுத வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அட்டவணைகளாக இருக்கும். எஞ்சின் அதைப் படித்து முதலில் செய்ய வேண்டியதை மட்டும் வரிசையாக எழுதிக்கொள்கிறது, அதுவரை எதையும் மாற்றுவதில்லை. நாற்றங்காலில் நாற்று தேறாமல் யாரும் வயலில் நடவு ஆளை இறக்குவதில்லை, அந்த மாதிரி. அப்புறம்தான் வேலை தொடங்கும். ஒவ்வொரு அடிக்கும் அதைத் திருப்பும் அடியையும் தனியாகக் குறித்துவைத்துக்கொண்டு, மாற்றப்போகும் பழைய கோப்பை ஒரு மறைவான ஃபோல்டரில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் புதியதை வைக்கும். நடுவில் பிழை வந்தால் குறிப்பைக் கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படித்து எல்லாவற்றையும் அவிழ்த்துவிடும். இதுதான் ரோல்பேக். எல்லாம் நல்லபடி முடிந்த பிறகே பழைய கோப்புகள் அழியும். கரண்டே போய்விட்டாலும் அந்தக் குறிப்பு டிஸ்கில் இருப்பதால், அடுத்த முறை இன்ஸ்டால் செய்யப் போகும்போது, பாதியில் நின்ற ஒன்று இருக்கிறது, அதன் மாற்றங்களைத் திருப்பட்டுமா என்று கேட்கும்.

சரி, எம்எஸ்ஐயாகக் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. எஞ்சினுக்குத் தான் செய்ததை மட்டும்தான் திருப்பத் தெரியும். எங்கள் செட்டப், ரசீது டேட்டாபேஸில் புதிதாக ஒரு நெடுவரிசையைச் சேர்க்கும், அதற்கு நாங்களே நிரல் எழுதிச் செருகியிருந்தோம். அப்படிச் செருகும் ஒவ்வொன்றுக்கும் திருப்புகிற ஜோடியையும் நாம்தான் எழுத வேண்டும். அந்த ஜோடி வரிசையில் அசல் வேலைக்கு முன்னால் வர வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பின்னால் வைத்தால், அசல் வேலை பாதியில் உடையும்போது திருப்பும் ஜோடி குறிப்பில் ஏறியே இருக்காது, அதனால் ஓடாது. முன்கூட்டியே குறித்துவைத்த ஜோடி மட்டும்தான், அரைகுறையாக மாறிய டேட்டாபேஸை எடுத்துவிட்டு முதலில் எடுத்துவைத்த நகலை அதே இடத்தில் வைக்கும்.

இதையெல்லாம் சோதிக்க மோசமான இடம் எழுதியவரின் சொந்தக் கணினி. தேவையான லைப்ரரி எல்லாம் அதில் ஏற்கனவே இருக்கும், அவர் அட்மினாகவும் இருப்பார். வெறும் விண்டோஸ் மட்டும் போட்ட மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) அதன் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்து, ஏற்றி, உடைத்து, ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி மறுபடி உடைக்க வேண்டும். நாங்கள் நடுவில் பவரை அறுப்போம், டிஸ்கை நிரப்பிவைப்போம். கடைசி அடியில் வேண்டுமென்றே தோற்கவைப்போம், எம்எஸ்ஐ கட்டும் விக்ஸ் என்ற கருவியில் இதற்கென்றே ஒரு செயல் உண்டு. ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் கோப்புப் பட்டியலையும் ரெஜிஸ்ட்ரியையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். மில்காரர்கள் நடுவில் இரண்டு மூன்று பதிப்பைத் தாண்டித்தான் புதியதை ஏற்றுவார்கள் என்பதால் பழைய பதிப்பு ஒவ்வொன்றின் மேலும் ஏற்றிப் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது.

தமிழ்நாட்டுக்கென்று ஒரு சோதனை இருக்கிறது. விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்துப் பாருங்கள். எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் விண்டோஸின் பழைய ஆன்ஸி குறியீட்டுப் பக்கங்களில் தமிழ் கிடையாது, யூனிகோடில் மட்டும்தான் உண்டு. பழைய முறையில் எழுதிய செட்டப், பயனர் ஃபோல்டருக்குள் இருக்கும் தற்காலிக ஃபோல்டரைத் தேடும்போது அதற்குத் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகத் தெரியும். கேள்விக்குறியை விண்டோஸ் ஃபோல்டர் பெயரில் அனுமதிப்பதே இல்லை, அங்கேயே நின்றுவிடும். ஆங்கிலப் பெயர் வையுங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். தன் பெயரைத் தன் மொழியில் வைத்திருக்கிறார், திருந்த வேண்டியது செட்டப்.

விண்டோஸ் இன்ஸ்டாலரில் பிழை எண் 1603 வந்தால் அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, ஏதோ தோற்றது என்று மட்டும்தான் அர்த்தம். விரிவான லாக் (நடந்ததை வரிவரியாக எழுதும் கோப்பு) எடுத்து அதில் ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்ற இடத்தைத் தேடி, அதற்குச் சற்று மேலே பாருங்கள், பெரும்பாலும் காரணம் அங்கே இருக்கும். 3010 வந்தால் பயப்பட வேண்டாம், வேலை முடிந்தது, திறந்திருந்த கோப்பு ஒன்றை மாற்ற ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. ஆனால் லாரி எடைமேடையில் ஏறி நிற்கும்போது செட்டப் தானாக ரீஸ்டார்ட் செய்துவிடக்கூடாது, அதைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.