அரசு காலேஜில் சேர பத்தாவது மார்க்கைப் பார்ப்பதில்லை

வடசென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் பத்தாவதில் மார்க் குறைந்தவுடனே இவனுக்கு இனி காலேஜ் எதுக்கு, ஏதாவது வேலைக்கு அனுப்பிடலாம் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ரேங்க் போடுவது பிளஸ் டூ மார்க்கை வைத்து மட்டும்தான். பி.ஏ. தமிழ், ஆங்கிலம் கேட்டால் அந்த மொழிப்பாட மார்க்கைப் பார்ப்பார்கள், மற்ற பிரிவுகளுக்கு நான்கு முக்கியப் பாடங்களைச் சேர்த்து 400க்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஒன்பதிலும் பத்திலும் தடுமாறிய பிள்ளை பிளஸ் டூவில் பிடித்துக்கொண்டால், பழைய மார்க்கை எடுத்துவைத்து யாரும் கேட்கப்போவதில்லை. 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வும் கிடையாது. ஆனால் அதற்கு முன்னால் எழுதி அரியர் வைத்திருப்பவர்கள் அதை முடித்தே ஆக வேண்டும்.

பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்டதா? ரிசல்ட் வந்த கொஞ்ச நாளில் துணைத்தேர்வு வரும், வீட்டில் அழுதுகொண்டு உட்காராமல் உடனே பள்ளிக்கூடத்தில் போய் விண்ணப்பியுங்கள். அதில் பாஸானால் வருஷம் வீணாகாமல், சீட் மிச்சமிருக்கும் காலேஜில் அதே வருஷமே சேர வாய்ப்பிருக்கிறது.

விண்ணப்பம் ஆன்லைனில்தான், 50 ரூபாய், எஸ்சி எஸ்டி பிள்ளைகளுக்கு 2 ரூபாய். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, ஆர்.கே.நகர் அரசு கலைக் கல்லூரி, மூன்றையுமே எழுதுங்கள் (பாரதி பெண்களுக்கு மட்டும்). இடஒதுக்கீட்டுக்கு சாதிச் சான்றிதழ் வேண்டும், ரிசல்ட் வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள், கடைசி நேரத்தில் அலைந்து சீட்டைத் தவறவிடும் குடும்பங்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

பத்தாவதோடு ஐடிஐ போனவர்களுக்கும் வழி இருக்கிறது. இரண்டு வருஷப் படிப்பை முடித்து தமிழ், ஆங்கிலம் இரண்டு தாளை மட்டும் எழுதிப் பாஸானால் பிளஸ் டூவுக்குச் சமம். இல்லையென்றால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம், அப்புறம் பி.இ.யிலும் இரண்டாம் வருஷம்.

சரி, செலவுக்கு? ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், 2022 செப்டம்பரில் அந்தப் பாரதி கல்லூரியில்தான் தொடங்கினார்கள். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஐடிஐ, டிப்ளமோ படித்தாலும் வரும். மார்க் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இரண்டிலும் இல்லை. சேர்ந்த பிறகு காலேஜ் மூலமாகவே பதிவு செய்வார்கள், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கும் அதில் ஆதார் இணைப்பும் இருந்தால் போதும்.