பிரெட் மாவுல ஒரு கரண்டி மைதா பசை

வீட்ல செய்யிற சாண்ட்விச் பிரெட்டு முதல் நாள் சாயங்காலம் பஞ்சு மாதிரி இருக்கும், மறுநாள் காலைல பையனோட டிபன் பாக்ஸுக்கு சட்னி தடவி மடிச்சா நடுவுல பிளந்து ரெண்டா வந்துடும். ஆறு மாசமா எனக்கு இதே பஞ்சாயத்து. கடை பிரெட் நாலு நாள் மெத்துன்னு இருக்கேன்னா, அதுல பிரெட்டை மெத்துன்னு வச்சிருக்க எமல்சிஃபையர்ங்கற சேர்மானம் அது இதுன்னு போடுறாங்க, பாக்கெட் பின்னாடி நம்பர் நம்பரா இருக்கும் பாருங்க அதான். நம்ம கிச்சன்ல இருக்கறது மைதா, ஈஸ்ட், பால், வெண்ணெய், உப்பு, சக்கரை, ஒரு ஓடிஜி (சின்ன கரண்ட் ஓவன்), அவ்ளோதான்.

ஈரம் காஞ்சு போறதாலதான் வெறைச்சுப்போகுதுன்னு நானும் நம்பிட்டு இருந்தேன். ஒருநாள் ஒரு ஸ்லைஸை எடை போட்டேன், 38 கிராம். காத்து புகாத டப்பால போட்டு மூடி ரெண்டு நாள் கழிச்சு திரும்ப எடை போட்டா அதே 38. ஆனா தொட்டா வரட்டி. தண்ணி எங்கயும் போகல, உள்ளேயேதான் இருக்கு! இதை 1852லயே பூசிங்கோன்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி காட்டிட்டாராம், பிரெட்டை இறுக்கமா மூடி வச்சாலும் பழசாகும், அதையே 60 டிகிரி வரைக்கும் சூடாக்கினா திரும்ப மெதுவாகும்னு.

யோசிச்சா நமக்கு இது புதுசே இல்ல. ராத்திரி மிஞ்சின சாதத்தை ஃப்ரிட்ஜ்ல வச்சா காலைல பருக்கை பருக்கையா கல்லு மாதிரி கிடக்கும், ஆறிப்போன இட்லி கெட்டியாயிடும், அதையே திரும்ப ஆவில வச்சா பழையபடி மெதுவாயிடும். மூணுலயும் நடக்கறது ஒண்ணுதான். மாவுல இருக்கற ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, சின்னச்சின்ன மணியா இருக்கும், தண்ணியோட சேர்ந்து 60, 65 டிகிரி தாண்டினா அந்த மணி தண்ணியை குடிச்சு ஊதி கூழா ஆயிடும், நம்ம வெந்துடுச்சுன்னு சொல்றது இதைத்தான். ஆறினதும் அந்த ஸ்டார்ச் இழைங்க திரும்ப ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரிசை கட்ட ஆரம்பிக்கும். ஸ்டார்ச்சுல ரெண்டு வகை இருக்கு. முதல்ல அமைலோஸ், இது சில மணி நேரத்துலயே செட்டாகிடும், பிரெட்டை ஸ்லைஸ் போட முடியறதே இதனாலதான், சூடா இருக்கறப்பவே கத்தி வச்சா களி மாதிரி ஒட்டுறதும் இது இன்னும் செட்டாகாததாலதான். அப்புறம் அமைலோபெக்டின், இது நாள்கணக்குல மெதுவா இறுகும், நம்ம வில்லன் இவர்தான். ஃப்ரிட்ஜ் குளிர் இவருக்கு ரொம்ப பிடிக்கும், அதனால பிரெட்டை ஃப்ரிட்ஜ்ல வைக்கறது நம்மளே அதை பழசாக்குற மாதிரி. வெளிய வைங்க, இல்ல ஸ்லைஸ் போட்டு ஃப்ரீசர்ல வைங்க. எங்க வீட்ல இதை இன்னும் யாரும் நம்பல, அது வேற கதை.

சரி, இதை தள்ளிப்போட என்ன வழி? மாவுல அதிகம் தண்ணி பிடிச்சு வைக்கணும். ஆனா தண்ணியை சும்மா ஊத்தினா மாவு கையில சேறு மாதிரி ஒட்டும், ஏன்னா பச்சை ஸ்டார்ச் அவ்வளவா தண்ணி குடிக்காது. இங்கதான் கிழக்காசியாக்காரங்க டாங்ஜோங்னு சொல்ற வித்தை வருது. பேரைக் கேட்டு பயப்பட வேணாம், சினிமா போஸ்டர் ஒட்ட காய்ச்சுவாங்களே மைதா பசை, அதேதான். கொழுக்கட்டைக்கு வெந்நீர் ஊத்தி மாவு கிளறுறதும் இந்த வித்தைதான், பச்சைத்தண்ணில பிசைஞ்சா விரிசல் விடும், வெந்நீர்னா விடாது. ஒரு பங்கு மைதாவுக்கு அஞ்சு பங்கு தண்ணியோ பாலோ சேர்த்து சின்ன தீயில கிளறிட்டே இருந்தா 65 டிகிரி கிட்ட திடீர்னு கெட்டியாகும், கரண்டி இழுத்த தடம் அப்படியே நிக்கும், இறக்கிடலாம். குடிச்ச தண்ணியை அந்த பசை விடாது, அதனால பிசையும்போது மாவு ஒட்டாம இருக்கும், வெந்ததுக்கு அப்புறமும் உள்ள ஈரம் நிக்கும்.

என் அளவு இது. மொத்தம் 350 கிராம் மைதா, அதுல 20 கிராமை 100 கிராம் பால்ல பசையா காய்ச்சி நல்லா ஆறவச்சு, மிச்ச 330ல அந்த பசை, 150 கிராம் தண்ணி, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 6 கிராம் உப்பு, 20 கிராம் சக்கரை, கடைசில 25 கிராம் வெண்ணெய். பசை இல்லாம செஞ்சப்ப தண்ணியும் பாலும் சேர்த்து 225 கிராமுக்கு மேல போனாலே என்னால பிசைய முடியல, இப்ப 250 போகுது. ஒரே நாள்ல ரெண்டு டின், ஒண்ணுல பசை, ஒண்ணுல இல்ல, மத்ததெல்லாம் அதே பாக்கெட் அதே சூடு. மூணாம் நாள் மடிச்சுப் பார்த்தேன், பசை போட்டது வளைஞ்சுது, போடாதது வழக்கம்போல ரெண்டாச்சு. இறுகுறது நின்னுடாது, நாலாம் நாள் அதுவும் டோஸ்ட்டுக்குத்தான்.

இந்த முடிவுக்கு வர்றதுக்கு முன்னாடி நாலு தடவை சொதப்பினேன், ஏன்னா ஒரே நேரத்துல பாலை மாத்தி ஈஸ்ட்டை கூட்டி பிசையிற நேரத்தையும் மாத்தினேன், அப்புறம் எது வேலை செஞ்சுதுன்னு எனக்கே தெரியல. அதுல ரெண்டு தடவை தப்பு ரெசிபிலயே இல்ல, மே மாசத்துல இருந்துச்சு. குளிர் நாட்டுக்காரங்க எழுதின ரெசிபில வெதுவெதுப்பான தண்ணின்னு இருக்கும், நம்ம மொட்டைமாடி டேங்க் தண்ணியே அந்த நேரத்துல வெந்நீர்தான், பிசையிற சூடும் சேர்ந்து மாவு 33 டிகிரி. ஒரு மணி நேரத்துல பொங்கணும்னு போட்டிருந்துது, நாப்பது நிமிஷத்துலயே பொங்கி, மூக்கு கிட்ட கொண்டு போனா கள்ளு வாடை, ஓடிஜில வச்சதும் நடுவுல குழி. இப்பல்லாம் ஐஸ் தண்ணி ஊத்திதான் பிசையிறேன், பிசைஞ்சு முடிச்சா மாவு 26 டிகிரி கிட்ட இருக்கணும். கடிகாரத்தை பாக்கறதை விட்டுட்டேன், மாவு ரெண்டு மடங்கு ஆச்சான்னு மட்டும் பாக்கறது.

நேத்து ஆசைப்பட்டு பாதி கோதுமை மாவு போட்டேன், செங்கல். கோதுமை மாவுல புரோட்டீன் இருக்கு, ஆனா தவிடு தண்ணியை உறிஞ்சிக்கிட்டு, பிசையும்போது அந்த புரோட்டீன் சேர்ந்து காத்தை பிடிச்சு வைக்க பின்னுற குளூட்டன் வலையையும் நடுநடுவுல அறுத்துடும், காத்து நிக்க இடமில்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை கோதுமை மாவை மட்டும் முன்கூட்டியே ஒரு மணி நேரம் தண்ணில ஊறவச்சு பாக்கப்போறேன், வேற எதையும் தொடப்போறதில்ல.