ஓப்பன் கேரி: எதையும் திறக்கவும் இல்ல, சுமக்கவும் இல்ல

ஓப்பன்னா திறந்த, கேரின்னா சுமத்தல்னு வார்த்தைக்கு வார்த்தை மாத்துனா ஏதோ மூட்டை தூக்கறவர் கதை மாதிரி ஆகிடும். விஷயம் ரொம்ப சிம்பிள், துப்பாக்கிய நாலு பேர் கண்ணுல படுற மாதிரி இடுப்புலயோ தோள்லயோ மாட்டிட்டு பொது இடத்துல நடமாடுறது. சட்டைக்குள்ள மறைச்சு வச்சா கன்சீல்டு கேரி.

கேரியோட வேர் லத்தீன்ல வண்டிய குறிக்கிற காருஸ், நம்ம ஓட்டுற காரும் அதே வேர்தான். ஆனா ஆயுத உரிமை பத்தி 1791ல வந்த அமெரிக்க அரசியலமைப்போட ரெண்டாவது திருத்தத்துல கேரின்னு இல்ல, 'bear arms'னுதான் இருக்கு, அதாவது ஆயுதம் தாங்குறது.

இதுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம்னு கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸ்னா கவ்பாய் ஊரு, எப்பவும் பிஸ்டலோடதான் திரிவாங்கன்னு நாம நினைச்சுக்கறோம், ஆனா அங்க 1871லயே கைத்துப்பாக்கியோட நடமாட தடை போட்டாச்சு (ரைஃபிளுக்கு அந்த தடை இல்ல, அது தனி கூத்து), வெளிய தெரிய கட்டிக்கிட்டு போக லைசென்ஸோட அனுமதி கிடைச்சதே 2016 ஜனவரில, அப்புறம் 2021 செப்டம்பர்ல இருந்து 21 வயசு ஆன, வேற சட்டத் தடை இல்லாதவங்களுக்கு லைசென்ஸும் வேணாம்னு ஆயிடுச்சு. கலிஃபோர்னியா நேர் எதிர். 1967ல ஓக்லாந்துல கறுப்பின மக்களோட உரிமைக்காக போராடின ப்ளாக் பேந்தர் பார்ட்டிக்காரங்க லோடு பண்ணின துப்பாக்கியோட போலீஸ் பின்னாடியே போய் கண்காணிச்சாங்க, அத நிறுத்த, பொது இடத்துல லோடு பண்ணின துப்பாக்கி கூடாதுன்னு மல்ஃபோர்டு மசோதா வந்துச்சு, அத எதிர்த்து அவங்க துப்பாக்கியோடவே சாக்ரமெண்டோ சட்டசபைக்குள்ள நுழைஞ்சாங்க, அதே வருஷம் அப்போ கவர்னரா இருந்த ரொனால்ட் ரீகன் கையெழுத்து போட்டு சட்டமாக்கிட்டார். துப்பாக்கி உரிமை பேசுற கட்சிக்காரர்தான்! யார் கையில துப்பாக்கிங்கிறத பொறுத்து சட்டமும் மாறும்போல.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? 'ஆயுதம் ஏந்தல்'னு சொன்னா தப்பாயிடும், ஏந்துறதுன்னா கையில எடுக்கறது. டெக்சாஸ்ல கைத்துப்பாக்கி உறைக்குள்ள இருக்கணும், அடுத்தவங்கள மிரட்டுற மாதிரி எடுத்துக் காட்டினா அது வேற குற்றம். அதனால தாங்கல்தான் பொருந்தும்: 'வெளித்தெரியத் துப்பாக்கி தாங்கல்'. நீளமா இருக்குன்னா 'வெளிப்படைத் தாங்கல்'. கன்சீல்டு கேரிக்கு 'மறைவுத் தாங்கல்'.

துப்பாக்கியே தமிழ் இல்லையேன்னு கேப்பீங்க, ஆமா, துருக்கில இருந்து வந்ததுதான். துப்பார்க்குத் துப்பாயன்னு தொடங்குற குறள்ல வர்ற துப்பாக்கி வேற, அது துப்பு ஆக்கி, அதாவது உணவ உண்டாக்கி, மழையப் பத்தின குறள் அது. வள்ளுவர் கையில பிஸ்டல் இல்லீங்க.