நியூயார்க்கை உறையவைத்த படம்: பார்வையாளர் நம்பியதும் கடல் செய்வதும்

ஸ்காட்லாந்தின் மேலே பறந்துகொண்டிருக்கும் ஹெலிகாப்டர்களில் எரிபொருள் உறைகிறது. தரையில் மோதிய ஒன்றின் கதவைத் திறக்கும் விமானி, அடுத்த மூச்சை விடுவதற்குள் விறைத்துச் சிலையாகிவிடுகிறார். பருவநிலை மாற்றத்தால் அட்லாண்டிக் நீரோட்டம் நின்று, சில நாட்களில் நியூயார்க் வரை உறைந்துபோவதாகக் கதை சொல்லும் ஹாலிவுட் படம், 2004 மே மாதம் வெளியான 'தி டே ஆஃப்டர் டுமாரோ'. அதைப் பார்த்தவர்களிடம் இன்று கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்வார்கள். படத்தைப் பற்றிய கருத்தும் இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஒரு சாரார், "வேகம் கொஞ்சம் கூடுதல், ஆனால் நடக்கப்போவது இதுதான்" என்கிறார்கள். மறு சாரார், "எல்லாம் கிராஃபிக்ஸ் கதை, கடல் நீரோட்டம் நின்றால் ஊர் உறையுமாம்!" என்று சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களின் இயற்பியல் சரி. ஆனால் ஹெலிகாப்டரோடு சேர்த்து நீரோட்டத்தையும் அவர்கள் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான்.

முதலில் அந்த விமானியின் கதையை முடித்துவிடலாம். படத்தின் விளக்கம் இது: ராட்சதப் புயலின் நடுக்கண் வழியாக, வளிமண்டலத்தின் மேலடுக்கிலிருந்து கடுங்குளிர்க் காற்று கீழே இறங்குகிறது, மிக வேகமாக இறங்குவதால் வழியில் சூடேற அதற்கு நேரமில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் வெப்பநிலை மைனஸ் 50 டிகிரி செல்சியஸை ஒட்டி இருப்பதும் உண்மை. ஆனால் இறங்கும் காற்று சூடேறுவதற்குச் சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை வாங்கவேண்டியதில்லை. கீழே வர வர அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் காற்று நெருக்கப்படுகிறது. நெருக்கப்பட்டால் தானாகவே சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதும் இதனால்தான். வேகமாக அடித்தால் இன்னும் நன்றாகவே சுடும், ஏனென்றால் வெப்பம் வெளியே கசிந்துபோக நேரமில்லை. ஆக, 'வேகமாக இறங்குவதால் சூடேறவில்லை' என்ற வாதம் அப்படியே தலைகீழ்.

உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி சூடேறும். பத்து கிலோமீட்டர் இறங்கி வரும் மைனஸ் 50 டிகிரிக் காற்று தரையைத் தொடும்போது 40, 50 டிகிரி வெயில் காற்றாக இருக்கும். உண்மையான வெப்பமண்டலப் புயல்களின் கண்ணில் காற்று மெல்ல இறங்கத்தான் செய்கிறது. அதனால்தான் புயலின் உயரப் பகுதிகளை அளந்தால், சுற்றியுள்ள காற்றைவிடக் கண்தான் வெதுவெதுப்பாக இருக்கிறது. படத்தில் உலகிலேயே குளிரான இடமாகக் காட்டப்படும் அந்தக் கண், நிஜப் புயலில் சூடான இடம்.

மனித உடல் நொடியில் உறைவதும் நடக்காது. 0 டிகிரியில் உள்ள தண்ணீரைப் பனிக்கட்டியாக்க, 80 டிகிரித் தண்ணீரை 0 டிகிரிவரை குளிர்விப்பதற்கு எவ்வளவு வெப்பத்தை எடுக்கவேண்டுமோ, மேலும் அவ்வளவு வெப்பத்தை எடுக்கவேண்டும். உடலின் பெரும்பகுதி தண்ணீர். அந்த வெப்பம் முழுவதும் தசை வழியாக ஊர்ந்து தோலுக்கு வந்துதான் வெளியேறியாக வேண்டும். எத்தனை கொடிய குளிராக இருந்தாலும் அதற்கு மணிக்கணக்கில் ஆகும்.

இதுவரை சிரித்தவர்கள் பக்கம் நியாயம். இனி கடலுக்கு வருவோம்.

அட்லாண்டிக் பெருங்கடலில் சூடான, உப்புச் செறிந்த மேல்நீர் வடக்கு நோக்கிப் போகிறது. கிரீன்லாந்தையும் ஐஸ்லாந்தையும் சுற்றியுள்ள கடல்களை அடையும்போது தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்கிறது. நன்னீர் 4 டிகிரியில் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்குக் கீழே போனால் மீண்டும் லேசாகிவிடும். கடல்நீருக்கு அந்தத் தயக்கம் கிடையாது. உறையும் வரைக்கும் கனத்துக்கொண்டே போகும். அப்படிக் கனத்த நீர் ஆழத்துக்கு அமிழ்ந்து, இரண்டு முதல் நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. மேலே வடக்காகவும் கீழே தெற்காகவும் ஓடும் இந்தப் பெருஞ்சுழற்சியின் ஆங்கிலப் பெயரை 'ஏமாக்' (AMOC) என்று சுருக்கி அழைக்கிறார்கள். இதில் வினாடிக்கு ஏறத்தாழ 1.7 கோடி கன மீட்டர் நீர் ஓடுகிறது. உலகின் ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலில் கொட்டுவது இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. 26 டிகிரி வட அட்சரேகையைத் தாண்டி அட்லாண்டிக் வடக்கே அனுப்பும் வெப்பம், உலகில் மொத்தமாக உற்பத்தியாகும் மின்சாரத்தைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேல். அதில் பெரும்பகுதி இந்தச் சுழற்சியின் கைங்கரியம்.

பசிபிக்கின் வடக்கில் ஏன் இப்படி நீர் அமிழ்வதில்லை? குளிர் அங்கேயும் உண்டு. அங்கே குறைவது உப்பு. வெப்பமண்டல அட்லாண்டிக்கில் ஆவியாகும் நீரில் ஒரு பகுதியைக் காற்று மத்திய அமெரிக்காவின் ஒடுங்கிய நிலத்தைத் தாண்டிக் கொண்டுபோய் பசிபிக்கில் மழையாகக் கொட்டிவிடுகிறது. உப்பு மட்டும் அட்லாண்டிக்கிலேயே தங்கிவிடுகிறது. நீரை அமிழ்த்தும் கனத்தைக் குளிரும் உப்பும் சேர்ந்தே தருகின்றன.

ஆபத்தும் அந்த உப்பில்தான் இருக்கிறது. அமெரிக்கக் கடலியலாளர் ஹென்றி ஸ்டோமல் 1961இல், இரண்டே இரண்டு பெட்டிகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்: ஒன்றில் வெப்பமண்டல நீர், மற்றொன்றில் துருவ நீர், இடையே ஓட்டம். ஓட்டம் வடக்கே உப்பைக் கொண்டுவருகிறது. அந்த உப்பு நீரைக் கனக்கவைத்து ஓட்டத்தைத் தொடரச் செய்கிறது. தன் தீனியைத் தானே சுமந்துவரும் ஏற்பாடு இது. பனி உருகியோ கூடுதல் மழையாலோ வடக்கில் நன்னீர் சேர்ந்தால் மேல்நீர் லேசாகும், அமிழ்வது குறையும், ஓட்டம் தளரும், தளர்ந்த ஓட்டம் முன்பைவிடக் குறைந்த உப்பைத்தான் கொண்டுவரும், நீர் இன்னும் லேசாகும். ஓர் எல்லையைத் தாண்டினால் பிறகு யாரும் தள்ளாமலே சரிவு தொடரும். நன்னீர் வருவது நின்றாலும் ஓட்டம் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. கணினி மாதிரிகள் வளர்ந்து எவ்வளவோ சிக்கலாகிவிட்ட இன்றும், இந்த விவாதத்தின் மையத்தில் இருப்பது அந்த இரண்டு பெட்டிக் கணக்குதான்.

இது காகிதக் கணக்கோடு நிற்கவில்லை. ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்திலிருந்து பூமி மீண்டுகொண்டிருந்த வேளையில் வடக்கு அட்லாண்டிக் வட்டாரம் சட்டென்று மறுபடி குளிர்ந்தது; அந்தக் குளிர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. உருகிய பனிப்பாளங்களின் நன்னீர் கடலில் பாய்ந்து சுழற்சியைத் தளர்த்தியதே காரணம் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அந்தக் குளிர்காலம் முடிந்தபோது கிரீன்லாந்தின் வெப்பநிலை சில பத்தாண்டுகளுக்குள் 10 டிகிரி அளவுக்கு எகிறியதைப் அங்கே பனிப்பாளத்தைத் துளைத்தெடுத்த பனித்தண்டுகள் காட்டுகின்றன. புவியியல் காலக் கணக்கில் பத்தாண்டு என்பது கண் சிமிட்டும் நேரம். படத்தின் கதாசிரியர்கள் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். பத்தாண்டுகளை அவர்கள் சில நாட்களாக்கிவிட்டார்கள்.

வேகத்தைக் குறைத்துவிட்டால் படம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. படம் லார்சன் பி பனித்தட்டு பிளப்பதோடு தொடங்குகிறது. 2002இல் உண்மையாகவே அது உடைந்தது. ஏறத்தாழ 3,250 சதுர கிலோமீட்டர், ஒரு மாதத்துக்கு மேல் சில நாட்களில். ஆனால் அது இருந்தது அண்டார்டிகாவில், கதை நடக்கும் கடலுக்கு நேர் மறுமுனையில். படத்தில் வட அரைக்கோளத்தின் பெரும்பகுதி பனியால் மூடப்படுகிறது. வடக்கே போகாத வெப்பம் மாயமாகிவிடாது என்பதைப் படம் மறந்துவிட்டது: அது தெற்கே தங்கி, தென் அட்லாண்டிக்கைச் சூடாக்கும். கூடவே வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகரும். வட அரைக்கோளப் பருவமழைகள் நலியும். இத்தனை பெரிய பாதிப்புக்குப் படத்தில் ஒரு காட்சிகூட இல்லை. மழை பொய்ப்பதைக் கேமராவில் காட்டுவது கஷ்டம் என்று நினைத்திருப்பார்கள் போலும். இன்னொன்று: மெக்சிகோ வளைகுடாவிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரையோரமாக வடக்கே ஓடும் வெதுநீரான வளைகுடா நீரோட்டமே நின்றுவிடும் என்று படம் பார்த்தவர்கள் பலர் சொல்வதுண்டு. அந்த நீரோட்டத்தைப் பெருமளவு ஓட்டுவது காற்று. காற்று வீசி, பூமி சுழலும்வரை அது நிற்காது. தளரக்கூடியது, அதன்மேல் ஏறிச் செல்லும் அந்த அமிழ்சுழற்சி.

பார்வையாளர்கள் இதில் எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதும் அளக்கப்பட்ட விஷயம்தான். அமெரிக்காவில் ஆண்டனி லைசரோவிட்ஸ் என்ற ஆய்வாளர், படம் வெளியான சில வாரங்களில் நாடு தழுவிய கருத்துக்கணிப்பு நடத்தினார். படம் பார்த்தவர்களில் 49 சதவீதம் பேர் தங்கள் கவலை கூடியதாகச் சொன்னார்கள். 42 சதவீதம் பேருக்கு மாற்றமில்லை. கவலை குறைந்தவர்கள் 1 சதவீதம். ஜெர்மனியில் போட்ஸ்டாம் ஆய்வாளர்கள் திரையரங்குக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் கேட்டார்கள். அங்கே பருவநிலை மாற்றம் நிச்சயம் என்று நம்புவோரின் பங்கு, படம் முடிந்தபின் கொஞ்சம் குறைந்திருந்தது! பிரிட்டனில் நடந்த ஆய்வும் இதே திசையில்தான் கைகாட்டியது: படம் பார்த்தவர்களின் கவலை கூடியது, ஆனால் இப்படிப்பட்ட பேரிடர்கள் நடக்கும் வாய்ப்பு அதிகம் என்ற எண்ணம் தளர்ந்தது. சில வாரங்கள் கழித்துப் பேசியபோது கவலையும் வடிந்திருந்தது.

ஒரே படம், எதிரெதிர் விளைவு. டுவெர்ஸ்கி, கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் விளக்கிய மனப்பழக்கம் ஒன்று இதில் பாதியைப் புரியவைக்கிறது: எந்தக் காட்சி எளிதாக நினைவுக்கு வருகிறதோ, அது நடக்கும் வாய்ப்பும் அதிகம் என்று மனம் கணக்குப் போடுகிறது. நீரோட்டத்தைப் பற்றி எதுவுமே கேள்விப்படாதவருக்குப் படம் முதன்முறையாக ஒரு காட்சியைக் கொடுக்கிறது, கவலை ஏறுகிறது. பருவநிலை மாற்றத்தை மெல்லச் சூடேறும் விஷயமாக ஏற்கெனவே அறிந்தவருக்கோ, உறையும் நியூயார்க் அந்த அறிவோடு மோதுகிறது. 'இது கதை' என்று மனம் ஒதுக்கும்போது, கதையோடு ஒட்டியிருந்த உண்மையும் சேர்ந்து ஒதுங்குகிறது. என் பார்வையில் இதைவிடப் பெரிய சேதம் வேறு. படம் ஓர் அளவுகோலாகிவிடுகிறது. சில நாளில் உலகம் உறைவதைப் பார்த்த கண்ணுக்கு, ஐம்பது ஆண்டுகளில் ஒரு கடற்சுழற்சி பாதியாகக் குறைவது பேரிடராகவே தெரியாது.

அந்தச் சுழற்சி இன்று எப்படி இருக்கிறது? தற்செயலாகப் படம் வெளியான அதே 2004 வசந்தத்தில், 26.5 டிகிரி வட அட்சரேகையில் கடல் நெடுகக் கருவிகளை நட்டுத் தொடர் அளவீடு தொடங்கினார்கள். 'ராபிட்' என்பது அத்திட்டத்தின் பெயர். அதற்கு முன் இருந்தவை அவ்வப்போது கப்பல் போய் எடுத்த அளவுகள்தான். நன்னீர்க் கணக்கைப் பார்த்தால், கிரீன்லாந்தின் பனி ஆண்டுக்கு ஏறத்தாழ 27,000 கோடி டன் குறைகிறது. பெரிய எண்தான், ஆனால் வினாடிக் கணக்கில் சுமார் 8,500 கன மீட்டர். சுழற்சியை நிறுத்திப் பார்க்க மாதிரிகளில் ஊற்றும் நன்னீர் பெரும்பாலும் இதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். மேல்நீர் சூடாவதும் சேர்ந்து அதைத் தளர்த்தும் என்பதால் கணக்கு இத்துடன் முடியவில்லை. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021இல் சொன்னது: இந்த நூற்றாண்டில் சுழற்சி தளர மிக அதிக வாய்ப்பு உண்டு, 2100க்குள் திடீரெனச் சரியாது என்பதில் நடுத்தர நம்பிக்கை மட்டுமே. 2023இல் இரண்டு டேனிஷ் ஆய்வாளர்கள், சரிவு இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வரலாம் என்று புள்ளியியல் கணக்கொன்றை வெளியிட்டார்கள். 2025இல் வந்த மாதிரி ஆய்வொன்று, தென்பெருங்கடல் காற்று ஆழ்நீரை இழுத்துக்கொண்டே இருப்பதால் சுழற்சி மெலிந்தாலும் முழுதாக நிற்காது என்றது. சண்டை இன்னும் முடியவில்லை.

படத்தில் அதிகம் கேலிக்குள்ளான இன்னொரு காட்சி, நியூயார்க் தெருக்களில் கடல் புகுவது. அந்த ராட்சத அலை கற்பனைதான். ஆனால் சுழற்சிக்கும் அந்தக் கரைக்கும் தொடர்பு உண்டு. வடக்கே வேகமாக ஓடும் நீர், பூமியின் சுழற்சியால் வலப்புறம் ஒதுங்குகிறது. அதனால் அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் கடல்மட்டம் சற்றுத் தாழ்ந்தே நிற்கிறது. ஓட்டம் தளர்ந்தால் அந்தத் தாழ்வு நிரம்பும். 2009–10இல் ராபிட் கருவிகள் சுழற்சி ஏறத்தாழ 30 சதவீதம் தளர்ந்ததைப் பதிவுசெய்தன, தளர்வு தற்காலிகமானதுதான். அந்த இரண்டு ஆண்டுகளில் நியூயார்க்குக்கு வடக்கே உள்ள கரையில் கடல்மட்டம் 128 மில்லிமீட்டர் உயர்ந்தது.