பசித்த தைராய்டும் அயோடின்-131உம்

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை முடிந்து எங்கள் அணுக்கரு மருத்துவப் பிரிவுக்கு வருபவர்களுக்குத் தரும் கேப்சூல், கையில் தூக்கினால் கனக்கும் ஈயக் கூட்டுக்குள் ஒரு சிறு குப்பியில் இருக்கும். அதைக் கையால் தொடாமல் நோயாளியே வாயில் கவிழ்த்து, தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும். நான் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொள்வேன். ஐம்பத்திரண்டு வயது அம்மா ஒருவர் குப்பியைப் பிடித்தபடியே, “அணுகுண்டுல வர்ற விஷம்தானே டாக்டர் இது?” என்று கேட்டார். பொருள் அதுதான், அயோடின்-131 என்னும் கதிரியக்க அயோடின் என்று ஒப்புக்கொண்டேன்.

அயோடின்-131ஐ 1938இல் அமெரிக்காவின் பெர்க்லியில் கிளென் சீபோர்க்கும் ஜான் லிவிங்குட்டும் கண்டறிந்தனர். யுரேனியம்-235 அணுக்கரு பிளவுபடும்போது, ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பிளவுகளில் இது உண்டாகிறது. பிளவு நடப்பது குண்டிலா உலையிலா என்பதால் இதில் பெரிய மாற்றமில்லை. எட்டு நாளுக்கொருமுறை பாதியாகக் குறைந்து, எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். எங்கள் சிகிச்சை அறைக் கழிப்பறை நீரைத் தனித் தொட்டியில் தேக்கி வைத்துப் பிறகே வெளியேற்றுவது இந்தக் கணக்கை நம்பித்தான்.

ஹார்மோன் செய்வதற்கு அயோடின் வேண்டியிருப்பதால் இரத்தத்தில் வருவதையெல்லாம் தைராய்டு இழுத்துக்கொள்கிறது. கதிரியக்கம் உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிய அதற்குத் தெரியாது. ஆகவே சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அயோடின் கலந்த உப்பை நிறுத்தச் சொல்லி, மிஞ்சியிருக்கும் தைராய்டு செல்களைப் பட்டினி போடுகிறோம். பசித்த செல்கள் கேப்சூலை ஆவலோடு வாங்கிக்கொண்டு அழிகின்றன. இங்கே நாங்கள் வேண்டுமென்றே உண்டாக்கும் இந்தப் பசி, 1986இல் பெலாருஸ், உக்ரைன் கிராமப்புறங்களில் இயல்பாகவே இருந்தது; அப்பகுதி மக்களின் உணவில் அயோடின் குறைவு.

ஏப்ரல் 26 அன்று உக்ரைனின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் நான்காம் உலை வெடித்தபின் காற்றில் சென்ற அயோடின் புல்லில் படிந்தது. புல்லை மேய்ந்த பசுவின் பாலுக்கு வந்தது. ஒரு வயதுக் குழந்தையின் தைராய்டு ஏறக்குறைய 2 கிராம், பெரியவருடையது 20 கிராம். ஒரே குவளைப் பாலை இருவரும் குடித்தால், குழந்தையின் சுரப்பியில் ஒவ்வொரு கிராமும் வாங்கும் கதிர்வீச்சு பல மடங்கு. அது செல்லைக் கொன்றுவிடும் அளவுமன்று. மரபணுவைக் காயப்படுத்திச் செல்லை உயிரோடு விட்டுவிடும் அளவு. அன்று பதினெட்டு வயதுக்குட்பட்டிருந்தவர்களில் 2005க்குள் 6,000க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதில் பெரும்பகுதிக்கு அந்தப் பாலே காரணமாகியிருக்கும் என்கிறது ஐ.நா. அறிவியல் குழு. நல்ல வேளையாக, சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படும் நோய் என்பதால் இறந்தோர் மிகச் சிலரே.

எனக்கு ஆறாத வருத்தம், இது முன்பே தெரிந்த பாடம் என்பதுதான். 1957 அக்டோபரில் பிரிட்டன் தன் குண்டுகளுக்குப் புளூட்டோனியம் செய்துவந்த விண்ட்ஸ்கேல் உலை தீப்பற்றியபோது, சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பின் பண்ணைப் பாலைக் கீழே கொட்டினார்கள். 1954இல் பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் விழுந்த ரோங்கெலாப் தீவுக் குழந்தைகளுக்கு, ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தைராய்டில் கட்டிகள் வரத் தொடங்கியதும் மருத்துவ உலகம் அறிந்ததே.

கதிரியக்கமில்லாத அயோடின் உள்ள பொட்டாசியம் அயோடைடு மாத்திரையின் வேலை எங்கள் பட்டினிக்கு நேரெதிரானது: நல்ல அயோடினால் சுரப்பியை முன்கூட்டியே நிரப்பிவிட்டால் பிறகு வருவதற்கு இடமிருக்காது. செர்னோபில் செய்தி எட்டியதும் போலந்து ஒரு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடின் கொடுத்தது. ஆனால் நேரம் தவறினால் பயனில்லை. கதிரியக்க அயோடின் வருவதற்குச் சற்று முன்போ, வந்த சில மணி நேரத்துக்குள்ளோ விழுங்க வேண்டும். சீசியம் போன்ற மற்றக் கதிரியக்கப் பொருள்களுக்கு இது தடுப்பே ஆகாது.

2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தின்போது, அயோடின் கலந்த காயமருந்தான பெட்டாடைனைக் கழுத்தில் தடவச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி ஆசிய நாடுகளில் பரவியது. சீனாவில் உப்பு மூட்டைகளுக்கு முண்டியடித்தார்கள். பெரியவர்களுக்கான ஒரு மாத்திரையில் 100 மில்லிகிராம் அயோடின் உண்டு. நம் கடை உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் என்பது விதி. அந்தக் கணக்கில் ஒரு மாத்திரைக்கு ஈடாக ஒரே நாளில் ஆறு கிலோவுக்கு மேல் உப்பைத் தின்ன வேண்டியிருக்கும். அயோடினுக்கு முன் உப்பே ஆளைக் கொன்றுவிடும்.

வீட்டுக்குப் புறப்படும்போது அந்த அம்மா, “அந்த மாத்திரையை வாங்கி வெச்சுக்கட்டுமா?” என்றார். தைராய்டே இல்லாத உங்களுக்கு அது எதற்கு என்று சிரித்தேன். பிறகு, ஊரிலிருக்கும் இரண்டு வயதுப் பேத்தியைச் சில நாள் மடியில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குத்தான் அவர் முகம் வாடியது.