கண்மாய்க் கரையில் வீடு: முதலில் கேட்க வேண்டியது கட்டணம் அல்ல

மதுரையில் கட்டட வரைபடம் தயாரித்து அனுமதி வாங்கிக் கொடுக்கும் பொறியாளன் நான். கண்மாய் ஓரத்தில் மனை வாங்கிவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சார், கட்டட அனுமதிக்குச் சதுர அடிக்கு எவ்வளவு? மறுபடியும் ஏத்தப் போறாங்களாமே?" அண்மையில் வந்த குடும்பமும் அதையேதான் கேட்டது. ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று சென்ட். கட்டணம் ஏறுவதற்குள் விண்ணப்பித்துவிடுங்கள் என்று மனையை விற்றவரே அவசரப்படுத்தியிருக்கிறார். புலப்படத்தை, அதாவது சர்வே வரைபடத்தை, விரித்துப் பார்த்தால், மனையின் பின்பகுதி ஓடைப் புறம்போக்கில் விழுகிறது. நகையை அடகு வைத்து வாங்கிய இடம். இப்படி எத்தனை பேரிடம்தான் கையை விரிப்பது?

கட்டணம் மாறுவது உண்மைதான். 2024 ஜூலையில் சுயசான்றிதழ் முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி. முன்பு தனித்தனித் தலைப்பில் கட்டியதை ஒன்றாக்கி, மதுரை மாநகராட்சிக்குச் சதுர அடிக்கு 88 ரூபாய் என்று வைத்தார்கள். சென்னைக்கு 100 ரூபாய். அந்தக் கணக்கில் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 88,000 ரூபாய். கையைக் கடிக்கும் தொகைதான். அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதும் நியாயம்தான்.

ஆனால் பணத்தைக் கட்டி அனுமதி எண் வாங்கிவிட்டால் அந்த இடத்தை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பரீட்சைக் கட்டணம் கட்டிய எல்லோரும் தேர்ச்சி பெற்றுவிடுகிறார்களா? சுயசான்றிதழில் அனுமதிக்கு முன் யாரும் வந்து இடத்தைப் பார்ப்பதில்லை. இடம் சரியானது என்று உறுதி கொடுப்பது நீங்கள், கையெழுத்து உங்களுடையது. அது பொய் என்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்து. கட்டிய சுவருக்கும் பாதுகாப்பு கிடையாது. "சிஸ்டம் ஏத்துக்கிச்சே சார்" என்று தாசில்தாரிடம் சொல்லிப் பயனில்லை.

வரி ரசீது இருக்கிறது, கரண்ட் கனெக்‌ஷன் இருக்கிறது என்பதும் இதே கதைதான். நீர்நிலையில் உள்ள இடத்தைப் பத்திரம் பதியக் கூடாது, வரைபட அனுமதி, வரி விதிப்பு, மின் இணைப்பு எதுவும் தரக் கூடாது என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தவறிக் கிடைத்த ரசீது இடத்தின் வகையை மாற்றாது. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் அப்படியே இருக்கிறது.

"வரன்முறைப் பணத்தைக் கட்டிச் சரி பண்ணிடலாம்" என்று தரகர்கள் சொல்வதையும் நம்பாதீர்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளை ஒழுங்குபடுத்த 2017 மே மாதம் வந்த மனை வரன்முறை விதிகளில் கட்டணம் அதிகம் என்று எதிர்ப்பு வந்ததும் அதே ஆண்டில் குறைத்தார்கள். கெடுவையும் பல முறை நீட்டித்தார்கள். ஆனால் கண்மாய், வாய்க்கால், ஓடையில் விழும் மனைகளுக்கு வரன்முறை கிடையாது என்ற விதியில் கை வைக்கவில்லை.

இன்னொன்று, மனை பார்க்கச் சித்திரையில் போகிறீர்கள். அப்போது கண்மாய் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பகுதியில், பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை போய் நில்லுங்கள். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பித் தெருத் தெருவாகத் தண்ணீர் புகுந்ததை மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வழியும் கலுங்கு எந்தப் பக்கம் இருக்கிறது, வழிந்த தண்ணீர் (மறுகால்) எந்த வழியாகப் போகும் என்று அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். கிரயப் பத்திரத்தில் அது இருக்காது.

பட்டாவை மட்டும் காட்டினால் போதாது. கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் புல எண்ணின் வகைப்பாட்டைப் பாருங்கள். நிலப் பதிவுகளைப் புதுப்பித்தபோது எழுதிய யு.டி.ஆர். பதிவோடு நிறுத்தாமல், அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேடான எஸ்.எல்.ஆர். நகலையும் வாங்குங்கள், ஓடை என்றிருந்தது இடையில் எப்படிப் பட்டா ஆனது என்பது அங்கேதான் தெரியும். (பழைய புலப்படங்களில் அளவு லிங்க்ஸ் என்ற பழைய நில அளவையில் இருக்கும், மீட்டர் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.) பட்டா சுத்தமாகவே இருந்தாலும், மனை நீர்நிலையிலிருந்து 15 மீட்டருக்குள் வந்தால் அனுமதியை மறுக்கவோ நிபந்தனை போடவோ அதிகாரிகளுக்கு இடம் உண்டு. அந்தத் தூரத்தை உங்கள் பொறியாளரை டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். கூகுள் மேப்பில் விரலால் அளக்காதீர்கள்.

இங்கிருந்து தொண்டி, மண்டபம் பக்கம் கடலோர மனை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே கடல் நீர் ஏறும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். உள்ளாட்சியில் கட்டும் பணம் அந்த அனுமதிக்குச் சேராது, அது தனி விண்ணப்பம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டாதீர்கள். "கட்டிட்டா இடிக்க மாட்டாங்க" என்று சொல்கிறவர் உங்கள் கடனுக்கு வட்டி கட்டப் போவதில்லை. தாலுகா அலுவலகத்தில் அளவைக்கு மனு போட்டு, சர்வேயர் அளக்கும் நாளில் விற்றவரையும் வரவழையுங்கள். மனை ஓடையில் விழுகிறது என்றால், அளவை அறிக்கையையும் கிரயப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள். சுவர் எழும்பாத வரைதான் விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பது சுலபம்.